பழைய அங்காடியும் நம் கடமையும்

(காட்டுப்பள்ளியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அங்காடி. கடலைப் பற்றியும் கரையைப் பற்றியும் இம்மன்றத்தில் பன்முறை பேசியிருக்கின்றோம். அங்காடியைப் பற்றிப் பேசியதில்லை. எண்ணூரில் 2001ஆம் ஆண்டில் ஒரு துறைமுகம் திறக்கப்பட்டது. நம் காட்டுப்பள்ளியிலும் பின்னர் ஒன்று எழுந்தது. கரை குறுகிய வரலாற்றை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், வலையில் வீழ்ந்த மீன் விலைப்பட்ட பின்னரன்றோ நம் வீட்டு உலையில் அரிசி வீழ்கின்றது? ஆதலின் மீன் பிடிப்போர்க்குக் கடல் எத்தகையதோ, மீன் விற்போர்க்கு அங்காடியும் அத்தகையதே.

அங்காடி தமிழர்க்குப் புதிதன்று. பகலில் கூடும் நாளங்காடியையும் மாலையில் கூடும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி கூறும். சிலப்பதிகாரமோ, புகார் நகரத்து நாளங்காடியை மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே வைத்துக் காட்டுகின்றது. மருவூர்ப்பாக்கம் கடலை அடுத்தது. மீன் விற்போரும் உப்பு விற்போரும் கைத்தொழிலாளரும் உறைந்தது. பட்டினப்பாக்கம் அரசரும் பெருவணிகரும் வாழ்ந்தது. இவ்விரண்டிற்கும் நடுவே, மரச்சோலை நிழலில் அங்காடி அமைந்திருந்தது. இளங்கோவடிகள் அதற்கு மாடமாளிகை கூறினாரில்லை. எளியோரும் செல்வரும் எதிர்ப்படும் இடம் ஒன்றே அதற்கு வேண்டுவதாயிற்று. அங்காடியின் உயிர் அது நிற்கும் இடத்திலே உள்ளது. கட்டடம் அதன் உடை மட்டுமே.

நிற்க. இவ்வுண்மையை மறந்ததனால் நேர்ந்த இழப்புக்குச் சென்னையிலேயே சான்று உண்டு. பிராட்வேயில் நெருக்குண்டு கிடந்த பழைய சந்தைக்கு மாற்றாக, மாநகராட்சித் தலைவராயிருந்த ஸர் ஜார்ஜ் மூர் என்பார் 1898இல் ஒரு கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். சென்ட்ரல் நிலையத்தின் அருகே செங்கல்லால் எழுந்த அது 1900இல் திறக்கப்பட்டு, மூர் மார்க்கெட்டு என்று பெயர் பெற்றது. பழைய நூல்களும், பழம்பொருள்களும், பறவைகளும், வீட்டுக்கு வேண்டும் சில்லறைப் பண்டங்களும் அங்கே குறைந்த விலைக்குக் கிடைத்தன. நமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர், தம் இளமையில் அரிய இலக்கணப் பதிப்புகளை அங்கே நடைபாதையில் அமர்ந்து தேடி எடுத்ததாகப் பலகால் சொல்லக் கேட்டிருக்கின்றோம். வறிய மாணவர்க்கு அஃது ஒரு கல்லூரியாகவே விளங்கிற்று.

நிலையத்தை விரிவாக்க அந்நிலம் வேண்டப்பட்டது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் அக்கட்டடம் தீக்கிரையாயிற்று. தீயின் காரணத்தைப் பற்றிப் பலர் பலவாறு பேசினர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டுவதில்லை. அவ்விடத்தில் இன்று புறநகர் இரயில் நிலையம் நிற்கின்றது. வணிகர் பலர்க்கு அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்தில் கடைகள் அளிக்கப்பட்டன. கடை கிடைத்தது, பழைய கூட்டம் கிடைக்கவில்லை. வழிப்போக்கர் காலில் இடறும் தரையில் பரப்பிய நூலும், மாடியேறிச் சென்று கேட்கவேண்டிய நூலும் ஒன்றாகுமா?

திருச்சிராப்பள்ளியில் நிகழ்ந்தது மற்றொரு சான்று. காந்தி மார்க்கெட்டின் மொத்த வணிகத்தை நகர்ப்புறத்துக் கள்ளிக்குடிக்கு மாற்றக் கருதி, பெரும்பொருள் செலவிட்டு வளாகம் எழுப்பி 2017இல் திறந்தனர். வணிகருள் மிகப் பலர் அங்குச் செல்ல உடன்படவில்லை. சுவர் எழுப்பலாம், சந்தையை ஆணையிட்டு எழுப்புதல் அரிது.

'பழைய சந்தையில் சேறும் நாற்றமும் நெருக்கடியும் உள்ளனவே. அவற்றைக் காக்கவேண்டுமென்பது முன்னேற்றத்துக்குப் பகையன்றோ?' என்று சிலர் வினவுவர். குறைகள் உண்மையே. வடிகால் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், பனிக்கட்டி வைக்க இடமும், பெண்டிர்க்குக் கழிப்பிடமும், தீயணைக்க வழியும் வேண்டும். இவற்றை ஒவ்வொரு பகுதியாக, விற்போர் அங்கிருக்கும்போதே செய்தல் இயலும். நோய்க்கு மருந்து கேட்டால் நோயாளியையே ஊர்கடத்துவது முறையாகாது. காலையில் ஏலத்தில் கடனுக்கு மீன் எடுத்து, மாலையில் அக்கடனை அடைக்கும் தாய்க்கு, 'இரண்டாண்டு பொறு, அடுக்குமாடி வளாகத்தில் கடை தருகிறோம்' என்னும் சொல் என்ன பயன் தரும்? கடை கிடைத்தாலும் அதன் முன்பணமும் வாடகையும் ஒரு கூடை மீனின் ஊதியத்துள் அடங்குமா? வாடகை உயரின் விலை உயரும். விலை உயரின் அங்கு வாங்கும் கூலியாளரும் அகல்வர். விற்பவளும் வாங்குபவரும் ஒருங்கே வெளியேறிய பின், எஞ்சுவது பெயர்ப்பலகை ஒன்றே.

மயிலாப்பூருக்கு அடுத்த நொச்சிக்குப்பத்தில் 2023ஆம் ஆண்டு சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டபோது, அம்மக்கள் ஒன்றுதிரண்டு முறையிட்டனர். 2024இல் அதே கடற்கரைப் பகுதியிலேயே 366 கடைகளைக் கொண்ட மீன் அங்காடி திறக்கப்பட்டது. ஒன்றுதிரண்டவர் குரலுக்குப் பயன் உண்டு என்பதற்கு இதனைக் கொள்க.

சட்டமும் நமக்குத் துணை நிற்கின்றது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டம், விற்போர் அனைவரையும் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்குமுன் எவரையும் அகற்றலாகாது என்கின்றது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடம் விற்போர்க்கு உரியது. அவருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்டிராதல் வேண்டும். இன்னும் அதன் அட்டவணையில், ஐம்பதாண்டுக்கு மேல் தெருவோர வணிகர் விற்றுவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தை என அறிவித்தல் வேண்டும், அங்குள்ளோரை இடம் மாற்றலாகாது என்றும் விதித்திருக்கின்றது. ஊரில் வாழ்ந்து நகரில் விற்கும் நம் பெண்டிர்க்கும், விற்கும் இடத்தைக் கொண்டு இவ்வுரிமை பொருந்தும்.

ஆனால், அன்பர்களே, ஐம்பதாண்டு விற்றதற்கு நம்மிடம் சான்று எங்கே? இங்கு நாம் பிறரைக் குறைகூறுமுன் நம்மையே கடிந்துகொள்ளல் வேண்டும். நம் கடலோர ஊர்களின் வரிப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். தலைக்கட்டுக் கணக்கில் ஆடவர் பெயரே காணப்படும். படகின் கணக்கு உண்டு. வலையின் கணக்கு உண்டு. கூடை சுமந்தவளின் பெயர் ஒரு வரியிலும் இல்லை. நாம் எழுதாத பெயரை மாநகராட்சி எங்ஙனம் எழுதும்? 'இவள் யார்?' என்று அலுவலர் கேட்குங்கால் விடைகூறும் ஏடு நம்மிடமே இல்லையானால், சட்டம் இருந்தும் பயனில்லை.

ஆகவே மூன்று செயல்களை உங்கள்முன் வைக்கின்றோம். முதலாவது, எந்தச் சந்தையில் எத்துணை ஆண்டு விற்கிறார் என்னும் குறிப்புடன், மீன் விற்கும் பெண்டிர் அனைவர் பெயரையும் சங்கமே ஓர் ஏட்டில் எழுதுதல் வேண்டும். மூதாட்டிகள் இருக்கும்போதே அவர்தம் வாய்மொழியையும் பதிதல் வேண்டும். இரண்டாவது, நாள்தோறும் கொடுக்கும் தரைவாடகைச் சீட்டுகளைக் கிழித்தெறியாது தொகுத்துவைத்தல் வேண்டும். இளைஞர் அவற்றைப் படமெடுத்துக் காத்தல் எளிது. மூன்றாவது, கணக்கெடுப்பு நிகழுங்கால் ஒருவர் பெயரும் விடுபடாமல் உடன்செல்லச் சிலரை அமர்த்தி, குழுத் தேர்தலில் நம் பெண்டிரை நிற்கச்செய்தல் வேண்டும்.

இவ்வேட்டின் முதற்பக்கத்தை இக்கூட்டம் கலையுமுன்னரே தொடங்குவோம். பின்வரிசையில் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எழுதுகோல் நம் கையில் இருக்கின்றது. உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.