ஒற்றைப் படியாய் எஞ்சிய நூல்கள்



ஒரு நூல் அரிய நூலாவது இரண்டு காரணங்களால். எஞ்சிய படிகள் குறைவாக இருக்கலாம். இருக்கும் படியைப் படித்தறிய வல்லார் குறைவாக இருக்கலாம். இரண்டாவது காரணத்தைப் பற்றியே இன்று மிகுதியாகப் பேச விழைகின்றோம்.

1578 இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். இன்று அறியப்பட்ட அதன் ஒரே படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. இத்தகைய நூல்களைத் தமிழ் என்னும் பெயரை மட்டும் கொண்டு பழைய நூற்பட்டியல்களில் தேடுவோர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். ஐரோப்பியர் பலர் அக்காலத்தில் நம் மொழியை மலபார் மொழி என்றே வழங்கினர். இந்நூலின் போர்த்துக்கேயத் தலைப்பு 'மலவார் தமுல்' என இரு பெயரையும் சேர்த்தே தருகிறது. ஆசிரியர் பெயரும் அப்படித்தான்: அவரை அண்டிறிக்கு, அன்றீக்கு, என்றிக்கே என்றிக்கசு எனப் பலவாறு எழுதுவர். தேடுபவருக்கு மொழி வரலாறு தெரியாவிடில் நூலகக் கதவு பாதிதான் திறக்கும்.

நூல் கைக்கு வந்தபின் அடுத்த தடை எழுத்து. ஏட்டு மரபை ஒட்டி அச்சான அந்நூலில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் இல்லை. 'கொடு' என்றிருந்தால் அது கொடுவா, கோடா என்பதை இடம் நோக்கியே துணிய வேண்டும். நம் மாணவர்க்கு இப்பயிற்சியை எங்கும் அளிப்பதாகத் தெரியவில்லை. நான்கைந்து வகுப்புகளே போதும் என்பது நம் கருத்து.

இனி நம் நாட்டோடு தொடர்புடைய ஒன்று. அந்தாம் தெ புரொயென்சா என்னும் போர்த்துக்கேயத் துறவி தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி, அவர் மறைந்து 13 ஆண்டுகள் கழித்து, 1679 இல் அம்பலக்காட்டில் அச்சேறியது. வீரமாமுனிவரின் சதுரகராதிக்கு அது அரை நூற்றாண்டு முந்தியது. வத்திக்கான் நூலகத்திலிருந்த படியைத் தனிநாயகம் அடிகளார் கண்டெடுத்தார். அவர் தலைமையில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, 1966 இல் அதன் உருவப்படிப் பதிப்பைக் கோலாலம்பூரில் வெளியிட்டது. முதல் உலகத் தமிழ் மாநாடு இங்கு நடந்ததும் அவ்வாண்டுதான். மாநாட்டை எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அகராதியைப் புரட்டியவர் மிகச் சிலரே. ஓர் உருவப்படிப் பதிப்பு இப்படி மறக்கப்படுவது நமக்கு வருத்தமே.

நிகண்டுகள் செய்யுள் வழக்குச் சொற்களைச் செய்யுளிலேயே தொகுத்தவை. மக்களோடு பேசிப் பழக வேண்டிய ஒருவருக்கோ அவர்கள் வாய்ச்சொல் தேவைப்பட்டது. ஆகவே 17 ஆம் நூற்றாண்டின் பேச்சுத் தமிழை அறிய இவ்வகராதி நல்ல சான்று. போர்த்துக்கேயம் தெரியாதே என்று மாணவர் தயங்க வேண்டியதில்லை. தலைச்சொற்கள் தமிழ் எழுத்திலேயே உள்ளன. ஏதேனும் ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியோடு ஒப்பிட்டு, எவை அங்கு இடம்பெற்றுள்ளன, எவை பொருள் மாறியுள்ளன, எவை விடுபட்டுள்ளன எனப் பட்டியலிடலாம். இளங்கலை ஆய்வேட்டிற்கு அது தக்க பொருள். மேற்பார்வை செய்யும் ஆசிரியர் முதலில் ககரத்தைத் தவிர்த்துச் சிறிய எழுத்தொன்றைத் தருவது நன்று. ககரம் ஓராண்டில் முடியாது.