விரல் அகலப் பட்டை

கீழக்குயில்குடிப் பட்டறையில் பழைய அம்பாசிடர் ஒன்று. 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே இறக்குகிறார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி, ஆயிலையும் தண்ணீரையும் வடித்து, ஹோஸ், சைலன்சர் பைப், புரொபெல்லர் ஷாஃப்ட், மவுண்டிங் போல்ட்டுகள் எல்லாம் கழற்றியாயிற்று. செயின் பிளாக்கில் தூக்கினால் சற்றே எழும்பி நின்றுவிடுகிறது. மெக்கானிக் முரட்டுத்தனமாக இழுக்கவில்லை. இறக்கிவிட்டு, டார்ச் அடித்துத் தேடுகிறார். இன்ஜினைப் பாடியோடு இணைக்கும் விரல் அகல எர்த் பட்டை!

நாமும் நோன்பிருந்தோம், செபித்தோம். பாகப்பிரிவினையில் பேச்சற்றுப்போன அண்ணனை மட்டும் மன்னிக்கவில்லை. கல்லான இதயத்தை எடுத்துவிடுவதாக எசேக்கியேல் 36-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வாக்களிக்கிறார். ஆனால் அவர் பிய்த்து எடுப்பவரல்லர். நாம் கழற்றக் காத்திருப்பவர். இன்றிரவே அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுவோம். ஆமென்.