இணையப் புகழ் வளர்ப்பது ஆளையா, ஆட்டத்தையா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் அஸ்வின் பெயரைச் சொல்லி விசில் வாங்கிட்டுப் போயிட்டார். நானும் கை தட்டினேன், மறுக்கலை. டெஸ்ட்டில் 537 விக்கெட். 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில் சர்வதேச ஆட்டத்துக்கு விடை கொடுத்தார். ஓய்வுக்குப் பிறகும் யூடியூபில் தமிழிலே கிரிக்கெட் நுணுக்கம் சொல்றார், கூட்டம் கேட்குது. (நானும் முப்பது வருஷமா பாடம் நடத்துறேன். கடைசி பெஞ்ச் தூங்குது, அது வேற கதை!)

ஆனா ஐயா, அந்தக் கூட்டம் அஸ்வினுக்கு வந்ததா, விளையாட்டுக்கு வந்ததா? என் பேரன் அஸ்வினைக் குரலை வச்சே கண்டுபிடிப்பான். அவனிடம் ஹாக்கி மட்டையைக் காட்டினேன். "தாத்தா, இந்த பேட்டை யாரு வளைச்சது?"ன்னு கேட்கிறான்!

சரி, பிள்ளையை விடுங்க. நம்ம அரியலூர்ப் பிள்ளை கார்த்தி செல்வம், 2022 மே மாதம் ஜகார்த்தாவில், ஆசியக் கோப்பை ஹாக்கியில், தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டவர். அவர் முகத்தைப் பார்த்தா அடையாளம் தெரியும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க, எண்ணிப் பார்த்துடலாம்.

எதிரணி நண்பரே, விசிலடிச்ச கையெல்லாம் எங்கேய்யா?