தொல்லை குறைந்த வேலை எது?



நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக உயர்தர மாணவிகளுக்குத் தொழில் வழிகாட்டல் வகுப்பொன்றை நடத்தினோம். வெட்டுப்புள்ளி பற்றித்தான் கேட்பார்கள் என்று போனோம். கடைசி வாங்கிலிருந்த ஒரு பிள்ளை எழும்பி, "அக்கா, ஆம்பிளையளின்ரை தொல்லை குறைஞ்ச வேலை எது?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். இன்று சரியான பதிலைச் சொல்ல முயல்கிறோம்.

எங்கள் பெற்றோரிடம் ஒரு பதில் இருந்தது. ஆசிரியத் தொழில், வங்கி, அரசாங்க உத்தியோகம். மருத்துவபீடம் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை. வைத்தியரிடம் யார் வாலாட்டப் போகிறார்கள் என்று நாங்களும் நம்பினோம்.

உள்ளகப் பயிற்சியோடு அந்த நம்பிக்கை போயிற்று. எங்கள் விடுதியில் பெண்கள் மூவர். மேலே இருந்த ஒருவர், நோயாளர் விபரம் பேச வேண்டும் என்று இரவில் ஒருவரை மட்டும் தன் அறைக்கு அழைப்பார். பயிற்சி முடிந்தது என்று கையொப்பமிட வேண்டியவரும் அவரே. நாங்கள் ஒரு வழி கண்டோம். ஒருத்தியை அழைத்தால் இருவராகப் போவோம். முறைப்பாடு எழுதவில்லை. கையொப்பம் கிடைத்தது, வெளியேறினோம்.

அடுத்த வருடம் அதே விடுதிக்கு இந்தப் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி போனாள். நாங்கள் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஆசைப்பட்ட துறையையே விட்டு வேறு துறைக்குப் போனாள். பல வருடங்களின் பின் ஒரு கலியாண வீட்டில், "உங்களுக்கு முதலே தெரியுமோ அக்கா?" என்று கேட்டாள். தெரியும்.

படிப்பும் பதவியும் மட்டும் காவல் அல்ல. 2023 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், சத்திரசிகிச்சைத் துறைப் பெண்களில் மூன்றில் ஏறத்தாழ இரு பங்கினர் சக ஊழியரின் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகக் கூறினர். 2025 மார்ச்சில் அநுராதபுரத்தில் ஒரு பெண் வைத்தியர், வைத்தியசாலைத் தங்குமிடத்திலேயே கத்திமுனையில் வன்முறைக்கு உள்ளானார்.

ஆகவே, வேலையின் பெயரைக் கேட்டுப் பயனில்லை. அந்த இடம் எப்படி நடக்கிறது என்று கேட்க வேண்டும். நிரந்தர நியமனம், லீவு, இடமாற்றம் எல்லாம் ஒரே ஒருவரின் பேனாவிலா இருக்கின்றன? இரவுக் கடமையில் தங்கும் அறைக்கு உள்ளிருந்து பூட்டு உண்டா? பிந்தினால் வீடு சேர வாகனம் உண்டா? மேற்பதவிகளில் பெண்கள் இருக்கிறார்களா? முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது, அவரைப் பற்றியே முறையிடுவதென்றால் எங்கே போவது? எல்லாவற்றிலும் முக்கியமாக, உங்களுக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவள் ஏன் போனாள்?

நேர்முகப் பரீட்சையில் இவற்றை முழுதாகக் கேட்க முடியாது. அங்கே வேலை செய்யும் ஒருத்தியிடம்தான் கேட்கலாம். நூறு வருடப் பாடசாலைக்கு அப்படிப்பட்டவர்கள் இல்லாத இடம் குறைவு.

சட்டமும் உண்டு. 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றம். ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். வேலைத்தளத்தில் அதிகாரமுள்ளவர் விரும்பத்தகாத முறையில் வார்த்தையாலோ செயலாலோ அணுகுவதும் அதில் அடங்கும். எங்கள் பயிற்சிக் காலத்திலும் இச்சட்டம் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. நடந்ததைத் திகதி, நேரம், இடத்துடன் அன்றே எழுதி வையுங்கள், செய்திகளை அழிக்காதீர்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

லண்டனில் உள்ள தோழிகளே, உங்கள் நாட்டில் 2024 ஒக்டோபரிலிருந்து, நடந்த பின் விசாரிப்பது மட்டுமன்றி, நடக்காமல் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பதும் தொழில்தருநரின் சட்டக் கடமை. அது உங்கள் வேலைத்தளத்தில் எப்படி நடைமுறையாகிறது என்று எங்களுக்கு எழுதுங்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். எந்த நாட்டில், எந்தத் தொழிலில் இருந்தாலும் ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் தொழிலையும் செயலாளரிடம் பதிந்து வைப்போம். வேலைக்குப் போகும் தங்கை ஒருத்தி தொலைபேசி எடுத்தால், உள்ளதை உள்ளபடி சொல்வோம். அங்கே பிழையென்றால், "போகாதே" என்பதோடு நிற்காமல், எழுதவும் முறையிடவும் கூட நிற்போம். எல்லோரும் ஒதுங்கிப் போனால் அந்தக் கதிரை அடுத்த பிள்ளைக்காகக் காத்திருக்கும்.

கடைசி வாங்குப் பிள்ளைக்கு எங்கள் பதில் இதுதான். தொல்லை குறைந்த வேலையை எங்களால் பெயர் சொல்லிக் காட்ட முடியாது. ஆனால் நீ போகுமிடத்தைப் பற்றித் தெரிந்த ஒரு அக்காவைக் காட்டலாம். இம்முறை அவள் பேசாமல் இருக்கமாட்டாள்.