இறக்கத்தில் நியூட்ரல்: மிச்சமா, நஷ்டமா?

(நமது சங்கத்தின் புனே கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "பெட்ரோல் மிச்சம் பிடிப்பதைப் பற்றி நம்மவர்கள் சொல்வதில் பாதி தப்பு" என்றேன். செயலாளர் விடவில்லை. "அப்படியானால் அடுத்த மாதம் நீங்களே பேசுங்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டார். நான் பேச்சாளன் அல்ல. 1969-ல் கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, மத்திய அரசு உத்தியோகத்தில் புனேக்கு வந்து, இங்கேயே ரிடையர் ஆனவன். படித்த பௌதிகத்தை ஆபீசில் ஒரு நாள்கூட உபயோகித்ததில்லை. ஃபைல் நகர்வதற்கு நியூட்டன் விதிகள் எதுவும் பொருந்தாது. ஆகவே மிச்சமிருந்த பௌதிகத்தையெல்லாம் என் வண்டியின் மேல் பிரயோகித்து வந்திருக்கிறேன்.

1981-ல் பஜாஜ் சேதக் வாங்கின நாளிலிருந்து பெட்ரோல் கணக்கு எழுதிவருகிறேன். சேதக்குக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. தொழிற்சாலை இங்கே ஆகுர்டியில்தான் இருந்தது என்பதற்காகப் புனேக்காரனுக்கு ஒரு சலுகையும் கிடையாது. டாங்க் நிரப்பின தேதி, லிட்டர், கிலோமீட்டர் என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்வேன். இன்று ஐந்தாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. என் மனைவி அதை "உங்க ஜாதகம்" என்பாள்.

பெட்ரோல் 2021-ல் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு எல்லாரும் என்னைப்போலக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் நம்மவர்களிடம் இந்த விஷயத்தில் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலில் தள்ளுவது, இன்னும் சாமர்த்தியசாலியாக இருந்தால் எஞ்சினையே அணைத்துவிடுவது. இன்று நான் முக்கியமாகப் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

புனேயில் இருப்பவர்களுக்கு நவலே பாலம் என்றால் சொல்ல வேண்டாம். மற்ற ஊர் உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூர் பக்கமிருந்து மும்பை நோக்கி வரும் நெடுஞ்சாலை, காத்ரஜ் புதுச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை சில கிலோமீட்டருக்கு ஒரே இறக்கம். பார்வைக்கு அவ்வளவு செங்குத்தாகத் தெரியாது. அதுதான் அதில் உள்ள மோசம். 2022 நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு, ஒரு லாரி அந்த இறக்கத்தில் கட்டுக்கு அடங்காமல் வந்து வரிசையாக வாகனங்களில் மோதியது. 48 வண்டிகள் சேதம் என்று தீயணைப்புத் துறையினர் சொன்னார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் போனது பகவான் கிருபை. டிரைவர் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று போலீசார் பிறகு தெரிவித்தார்கள்.

அதே இடத்தில் 2025 நவம்பர் 13 அன்று நடந்த விபத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே ஒரு கார் சிக்கி எரிந்தது. அந்த லாரியில் பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். அதை நான் நியூட்ரல் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

2022 விபத்துக்கு இரண்டு நாள் கழித்து என் பிள்ளை பேப்பரைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டான். "அப்பா, நீ சொல்லிக்கொடுத்த வித்தைதான்" என்றான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவன் சொன்னது வாஸ்தவம். அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, இறக்கத்தில் எஞ்சினை அணைக்கச் சொன்னவன் நான்தான்.

அதற்கு முன்பே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். 1998-ல் ஒரு பழைய மாருதி 800 வைத்திருந்தேன். நரசோபாவாடி போய் தரிசனம் பண்ணிவிட்டு குடும்பத்துடன் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்போது பழைய காத்ரஜ் காட் வழியாகத்தான் ஊருக்குள் இறங்க வேண்டும். வழக்கம்போல எஞ்சினை அணைத்துவிட்டு, காற்று வாங்கிக்கொண்டு இறங்கினேன். முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவதில் பிடித்தது. மூன்றாம் தடவை மிதித்தபோது பெடல் கருங்கல்லாக இருந்தது. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்புறத்தில் போய்ச் சொருகினேன். பம்பரும் ஹெட்லைட்டும் போயின, மனைவிக்கு நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம். ஒர்க்ஷாப்பில் 4,200 ரூபாய் செலவு. அணைத்துவைத்ததால் மிச்சமான பெட்ரோல் அன்றைய விலையில் மூன்று ரூபாய்கூட இராது. "ஏன்னா, அந்த மூணு ரூபாயை இந்தக் கரும்புக்காரனுக்கே குடுத்துட்டு வாங்கோ" என்றாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் அந்த மூன்று ரூபாய் எங்கள் அகத்தில் செலவழியவில்லை.

பெடல் ஏன் கருங்கல்லாயிற்று? காரில் நாம் மிதிக்கும் விசையைப் பெருக்கிக் கொடுக்க ஒரு பூஸ்டர் உண்டு. பெட்ரோல் வண்டியில் அது எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தால் வேலை செய்கிறது. எஞ்சின் நின்றதும், சேமிப்பில் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் காணும். லாரியில் நிலைமை இன்னும் மோசம். அதில் இருப்பது காற்று பிரேக், காற்றை அழுத்தி நிரப்பும் கம்ப்ரஸரை ஓட்டுவது எஞ்சின். எஞ்சினை அணைத்தால் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும்.

எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் மட்டும் விட்டால்? அப்போதும் வண்டியைத் தடுக்க எஞ்சின் உதவாது, பிரேக் ஒன்றுதான் கதி. கொஞ்சம் கணக்கு போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 20 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சக்தி முழுவதும் பிரேக்கில் உஷ்ணமாக மாறினால், சுமார் 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரும். ஒரு கல்யாணத்துக்குக் காப்பி போடலாம். அத்தனை உஷ்ணமும் சில டிரம்களுக்குள் போனால் பிரேக் தேய்மானம் அல்ல, பிரேக்கே இல்லாமல் போகும். கியரில் இறங்கினால் இதில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நீலகிரியில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி வழி நெடுகப் போர்டு வைத்திருப்பது இதற்காகத்தான். சேலம், தர்மபுரி பக்கத்து உறுப்பினர்களுக்கு தொப்பூர் கணவாய் தெரியும். அங்கேயும் இதே கதைதான்.

சரி, ஆபத்து இருக்கட்டும், மிச்சமாவது ஆகிறதா? இந்த இடத்தில் பழைய தலைமுறைக்கு நான் நியாயம் செய்ய வேண்டும். நாம் முட்டாள்கள் அல்ல. சேதக் காலத்தில் இருந்தது கார்புரேட்டர். எஞ்சின் எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறதோ அதற்குத் தக்கபடி பெட்ரோலும் கூடவே போகும். கியரில் இறங்கினால், ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் சக்கரம் எஞ்சினைச் சுற்றவைக்கும், பெட்ரோல் வீணாக உள்ளே போகும். ஆகவே நியூட்ரலில் விட்டால் கொஞ்சம் மிச்சம் இருந்தது உண்மை.

2000-ம் ஆண்டு வாக்கில் கார்களில் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்களுக்கும் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. இதில் பெட்ரோலை அளந்து விடுவது ஒரு சின்ன கம்ப்யூட்டர். வண்டி கியரில் இருக்கிறது, கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லை, எஞ்சினை சக்கரமே சுற்றுகிறது என்று தெரிந்தால் அது பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். வேகம் மிகவும் குறைந்தால்தான் மறுபடி திறக்கும். நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் தானாக ஓட வேண்டும், அதற்குப் பெட்ரோல் வேண்டும். சின்ன கார் ஒன்று சும்மா ஓட மணிக்கு சுமார் 600 மில்லி பிடிக்கும். ஆறு நிமிஷ இறக்கத்துக்கு 60 மில்லி, ஆறு ரூபாய்க்கு மேல். கியரில் வந்தால் அந்தச் செலவு இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு உயிரைப் பணயம் வைத்தாலும் செலவு அதே பூஜ்யம்தான். லேசான சரிவாக இருந்தால் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கும், இடையிடையே ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டிவரும். அங்கே இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. காட் இறக்கத்தில் வரும்.

அப்படியானால் பணம் எங்கேதான் போகிறது என்பீர்கள். பிரேக் பெடலில் போகிறது. 1,000 கிலோ வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதில் சேர்ந்திருக்கும் சக்தியை உண்டாக்கச் சுமார் 15 மில்லி பெட்ரோல் செலவாகியிருக்கும். எதிரே சிவப்பு விளக்கு தெரிந்தும் அதுவரை விரட்டிக்கொண்டுபோய் அழுத்தி நிறுத்தினால், அந்த ஒன்றரை ரூபாய் உஷ்ணமாகப் பறந்துவிடும். கர்வே ரோட்டில் ஒரு நடைக்குப் பத்துத் தடவை அப்படி நிறுத்தினால் போக வர முப்பது ரூபாய். தூரத்திலேயே காலை எடுத்துவிட்டு, கியரிலேயே உருட்டிக்கொண்டு போனால் பாதி சிக்னல் நாம் போய்ச் சேர்வதற்குள் பச்சையாகிவிடும். இதை மூன்று மாதம் விடாமல் செய்து பார்த்தேன். என் நோட்டுப்படி ஊருக்குள் லிட்டருக்கு 13.1 கொடுத்த வண்டி 14.6 கொடுத்தது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடித்துவிட்டுப் போகட்டும், அதே சிக்னலில் என் பக்கத்தில்தானே வந்து நிற்கப் போகிறார்கள்!

போன தடவை ஒரு நண்பர் கேட்டார், "கம்பெனி 20 என்கிறானே, எனக்கு ஏன் 14?" என்று. பதில் நம் ஊரிலேயே, கோத்ரூடில் வேதாள் டேக்டி மேல் இருக்கிறது. ஏ.ஆர்.ஏ.ஐ. எனும் ஆராய்ச்சி நிலையம், 1966-ல் ஏற்பட்டது. விளம்பரத்தில் வரும் மைலேஜ் எண் இதைப் போன்ற சோதனைச்சாலையில் பிறந்தது. காரை உருளைகள் மேல் நிறுத்தி, 1,180 விநாடி, அதாவது இருபது நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாக, வகுத்துவைத்த அட்டவணைப்படி ஓட்டுவார்கள். அதிகபட்ச வேகம் 90. ஏ.சி. கிடையாது, குண்டும் குழியும் கிடையாது, குறுக்கே வரும் ஸ்கூட்டரும் கிடையாது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எல்லா வண்டிக்கும் ஒரே பரீட்சை என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிட அது உபயோகப்படும். நம் வீட்டு பட்ஜெட்டுக்கு உபயோகப்படாது.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் மைலேஜ் குறைகிறதா என்றும் கேட்கிறார்கள். குறையும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே சொல்லியது. அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது, நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும் என்று நம்பி ஐந்து மணிக்கு எழுந்து போகிறவர்கள் இங்கே இருவர் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. பெட்ரோல் உஷ்ணத்தில் விரிவது உண்மை. ஆனால் பங்கில் டாங்க் பூமிக்கடியில் இருக்கிறது, அங்கே காலைக்கும் மத்தியானத்துக்கும் வித்தியாசம் மிகச் சொற்பம். அளவில் சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

டயரில் காற்று விஷயம் ஒன்று பாக்கி. 1978-லிருந்து செயல்படும் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், காற்று கால் பங்கு குறைந்தால் பெட்ரோல் செலவு 5 முதல் 10 சதவீதம் கூடும் என்று சொல்லிவருகிறது. நம்மில் எத்தனை பேர் மாதம் ஒரு தடவை பார்க்கிறோம்? ஓடி வந்த டயர் சூடாக இருக்கும், அப்போது அளந்தால் அதிகமாகக் காட்டி ஏமாற்றும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு அளக்க வேண்டும். நான் கேஜ் கொண்டுவந்திருக்கிறேன். நாம் கூடி இரண்டரை மணி நேரம் ஆகிறது, கீழே பார்க்கிங்கில் எல்லார் டயரும் ஆறியிருக்கும். காப்பி முடிந்ததும் வாருங்கள், ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துவிடலாம். செயலாளர் வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.