முதியோர் இல்லத்தில் யார் சமைப்பது?

(திருச்சுழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கும் இல்லத்தை மாநில அரசு 'அமைக்கலாம்' என்கிறது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 19-ஆவது பிரிவு. 'அமைக்க வேண்டும்' என்று எழுத மனம் வரவில்லை.

பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு, மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கலாமாம். நம் பிள்ளையே சீமைக்கருவேலம் வெட்டி, கரிமூட்டத்தில் கூலிக்கு நிற்கிறான். அவனிடம் என்னத்தைக் கேட்பது? காணி உள்ளவனை நினைத்து எழுதிய சட்டம் அது. நமக்கு 2023-இல் உயர்த்திய உதவித்தொகை, 1,200 ரூபாய். 80 வயது ஆகாதவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு அதில் வெறும் 200.

கிராம சபையில் இல்லம் கேட்டுத் தீர்மானம் வைப்போம் என்கிறீர்கள். வைப்போம். எங்கே கட்டுவது, யார் சமைப்பது என்பதையும் அதிலேயே எழுதச் சொல்கிறேன். ஊர்த்தெருவுக்குள் கட்டினால் காலனிக் கிழவி படியேறுவாளா? 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று எதிர்த்தார்கள். பேரப்பிள்ளை தட்டிலேயே சாதி பார்த்தவர்கள் தாத்தா தட்டில் பார்க்க மாட்டார்களா?

சமத்துவபுரத்தில் 100 வீட்டுக்கு 40 ஆதிதிராவிடருக்கு என்று எண்ணிக்கையாகவே வைத்தார்கள். இல்லத்திலும் அப்படிப் படுக்கைகளை எண்ணி எழுதுங்கள். சமையல் வேலைக்கும் இடஒதுக்கீடு கேளுங்கள். ஏதாவது சாதிச் சங்கத்து அறக்கட்டளை, தன் ஆட்களுக்குக் கட்டிடம் கட்டிக்கொண்டு மானியத்துக்கு மட்டும் அரசிடம் வந்து நின்றால், ஒரே அடுப்பு, ஒரே பந்தி என்று எழுதிக் கொடுக்காதவரை ஒரு ரூபாயும் கூடாது. இவை இல்லாத தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.