கொதிகலனும் குளிர்ந்த நீரும்



மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறும் நீராவி இரயிலைக் கண்டவர்க்கு, அதுபோல் ஒன்றைத் தாமே செய்துபார்க்கும் ஆசை எழுவது இயல்பு. 1899இல் தொடங்கிய அப்பாதைக்கு 2021இலும் பொன்மலைப் பணிமனை புதிய நீராவி எஞ்சின் செய்தளித்தது. அவ்வாசை எனக்கும் இருந்தது.

35 ஆண்டுகளுக்கு முன், குண்டடத்தில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், பால்மாவு டப்பாவை ஈயப் பற்றாசினால் அடைத்து ஒரு சிறு கொதிகலன் செய்தேன். ஆவி பாய்ந்தது, தகரச் சக்கரம் சுழன்றது, பிள்ளைகள் கைதட்டினர். சிறிது நேரத்தில் இணைப்புப் பிளந்து, முன்வரிசைச் சிறுவன் ஒருவனின் முழங்கையில் கொதிநீர் பட்டது. தவறு முழுவதும் என்னுடையதே.

என்ன தவறு? நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிய முயல்கிறது. அடைபட்ட கலத்தில் இடமின்மையால் அழுத்தம் ஏறுகிறது. ஈயப் பற்றாசோ 183 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். உள்ளே நீர் உள்ளவரை அது தாங்கக்கூடும். நீர் வற்றித் தகடு காய்ந்தால் உருகிவிடும். ஆகவேதான் மாதிரி எஞ்சின் செய்வோர் செம்புத் தகட்டை வெள்ளிப் பற்றாசினால் இணைக்கின்றனர். அது உருக 600 பாகைக்கு மேல் வேண்டும்.

கொதிகலனுக்குக் காவலர் மூவர்: மிகுந்த ஆவியை வெளியேற்றும் காப்பு வால்வு, அழுத்தமானி, நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். காப்பு வால்வைப் பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர் 1679இலேயே தமது கொதிகலத்தில் அமைத்தார். என் டப்பாவில் மூவரில் ஒருவரும் இல்லை.

இவற்றினும் முந்தியது குளிர்நீர்ச் சோதனை. கலனில் காற்றே இல்லாதபடி நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் இரு மடங்கு வரை கைப்பம்பினால் ஏற்ற வேண்டும். நீர் எளிதில் சுருங்காது. ஆகையால் இணைப்பு விட்டாலும் சில துளிகள் கசிய, அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்றால் சோதித்தாலோ, சுருங்கிய காற்று கலனையே சிதறடிக்கும்.

நம் பக்கத்து உப்புக் கிணற்று நீரையும் ஊற்றலாகாது, படிவு கட்டும். தூய மழைநீர் நன்று. திருப்பூரில் பனியன்களை நீராவியால் தேய்க்கும் ஆலைகளுக்கும் இந்நீதி பொருந்தும்.

அச்சிறுவன் இன்று நடுவயதினன். வழியில் கண்டால் வணங்குகிறான். என் கண்ணோ முதலில் அவன் முழங்கைத் தழும்பிற்கே செல்கிறது. செல்வங்களே, எஞ்சின் செய்யுங்கள். ஆனால், அறிந்தவர் முன்னிலையில், குளிர்ந்த நீர் ஒப்புதல் தந்த பின்னரே அடுப்பை மூட்டுங்கள்.